செருப்பைப் பிடித்து வைத்துக் கேட்ட இங்கிலீஷ்

சித்திரை வெயிலில் காய்ந்த தோல், ரப்பர், வியர்வை, யாரோ வழியில் மிதித்துவிட்டு வந்த சாணி எல்லாம் கலந்து ஒரு வாசனை வரும்; அதை நாற்றம் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு அதுதான் சோற்று வாசனை. காஞ்சிபுரத்துக் கோயில் வாசல் ஒன்றில் என் நைனா செருப்புக் காவல் கடை வைத்திருந்தார். முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம் எங்களுடையது. டவுனுக்கு வந்து பிடித்த முதல் தொழில் இது. இன்றைக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் பெயரில் இரண்டு செருப்புக் கடைகள் இருக்கின்றன, இரண்டும் ஏசி. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றால் சரக்கு கொண்டுவரும் கம்பெனி ஆட்கள் நம்புவதில்லை. "உங்களுக்கு இவ்வளவு இங்கிலீஷ் எப்படி சார் வந்தது?" என்பார்கள். காலிலிருந்து வந்தது என்பேன். உண்மையைத்தான் சொல்கிறேன்.

நைனாவின் கடையில் டோக்கன் கிடையாது. பக்கத்துத் தெரு நெசவு வீடுகளில் தறியிலிருந்து அறுந்து விழும் பட்டு நூலை வாங்கி வந்து, செருப்பை ஜோடி சேர்த்துக் கட்டிக் கொடியில் தொங்கவிடுவார். அதே நிறத்தில் ஒரு துண்டு நூலைச் செருப்புக்காரர் விரலில் சுற்றிவிடுவார். அரக்கு நூல் விரல் வந்து நின்றால் அரக்கு நூல் செருப்பு இறங்கும். நிறம் தீர்ந்துபோனால் இரண்டு நிறத்தை முறுக்கிக் கட்டுவார். "ஜோடி பிரியக்கூடாதுபா" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருக்கும் பேச்சு. செருப்புக்குச் சொன்னதையே பெண்ணுக்கும் வைத்திருந்தார். பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் அக்கா செல்விக்கு, அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திக் "கால்கட்டு" போட்டுவிடுவதென்று முடிவு. அக்காவுக்கோ டீச்சராக வேண்டும். அழுதும் பார்த்தாள், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தாள், நைனா அசையவில்லை.

அந்த நேரத்தில்தான் அவளுடைய இங்கிலீஷ் டீச்சர் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கு ஓர் உறுப்பை எடுத்துக்கொண்டு, அதை வைத்து இங்கிலீஷ்காரர்கள் என்னென்ன பேசுகிறார்கள் என்று சேர்த்து வந்து எழுந்து நின்று சொல்ல வேண்டும். கண், கை, தலை, இதயம் எல்லாவற்றையும் மற்றப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். காலுக்கு ஆள் இல்லை. அக்கா கையைத் தூக்கினாள். வகுப்பே சிரித்ததாம், செருப்புக் கடைக்காரர் மகள் வேறெதை எடுப்பாள் என்று. வீட்டுக்கு வந்து ரோஷத்தோடு சொன்னாள்: "அவளுங்க புஸ்தகத்தப் பாத்து எழுதுவாளுங்க. நம்பகிட்ட வெள்ளைக்காரன் காலே வருதுடா."

எனக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை மனப்பாடம் பண்ணி வைத்தாள்: உங்கள் ஊரில் காலைச் சொல்லி என்ன பேசுவீர்கள்? அவ்வளவுதான். மீதி என் சாமர்த்தியம். கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வரும் வெள்ளைக்காரர்களின் செருப்பை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, என் காலைத் தட்டிக் காட்டி அந்த வாக்கியத்தை விடுவேன். சொல்லாமல் செருப்பு கிடையாது. சில்லறை நீட்டினாலும் வாங்கமாட்டேன். இப்படி வியாபாரம் பண்ணத் தெரிந்தவன் அந்த வாசலில் என்னைத் தவிர எவன் இருந்தான்?

நெட்டையான ஓர் அம்மாள் "கோல்ட் ஃபீட்" என்றார். எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும், மாலை போட்ட கல்யாணப் பெண் போல நடந்து வந்து, பாதி வழியில் நடுங்கித் திரும்பி ஓடிக் காட்டினார். பயந்தால் அவர்களுக்குக் கால் சில்லிட்டுப் போகுமாம். சுடுகிற கருங்கல்லில் கோபுர நிழலைத் தேடி ஓடுகிற எங்கள் ஊரில் கால் சில்லென்று இருந்தால் அது சாமி கொடுத்த வரம்! தொப்பிக்காரத் தாத்தா ஒருவர், நல்ல காலை முன்னால் வை என்பார்கள் என்று சொல்லித் தன் காலைத் தூக்கி வைத்தார். வலது காலா என்று சைகையில் கேட்டேன். எதுவானாலும் சரி என்று கை விரித்தார், அதில் நான் அசந்துபோனேன். காலைப் பிடித்து இழுப்பது அவர்களுக்கு வேடிக்கைப் பேச்சாம். நம் ஊரில் ஒருவன் காலை வாரிவிட்டால் ஆயுசுக்கும் பகைதான். கடைசியாக, முதுகில் மூட்டையோடு தனியாக வந்த ஒரு சின்ன வயசுப் பெண். தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிமிர்ந்து நின்று காட்டினாள். வீட்டில் அதைச் சொன்னதும் அக்கா என் தலையில் தட்டினாள். "டேய், இது நம்ம பேச்சுடா!"

வகுப்பில் சொல்லவேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, பட்டுக் கடையில் வேலை பார்க்கும் மாமா. காபி குடித்ததும் மாமா ஆரம்பித்தார்: "பத்தாவது படிக்குதாமே பொண்ணு. எங்க, இங்கிலீஷ்ல நாலு வார்த்த பேசும்மா, கேப்போம்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். கால் சில்லிட்டுப் போயிற்றோ என்று நான் பயந்தேன். பிறகு நிமிர்ந்து, வகுப்புக்கு வைத்திருந்ததை எடுத்து விட்டாள். நான் பிடித்து வந்த கால்கள் ஒவ்வொன்றாக வந்தன. முடிவில் "ஐ வான்ட் டு ஸ்டாண்ட் ஆன் மை ஓன் ஃபீட்" என்று சொல்லி நிறுத்தினாள்.

நைனா என்னைப் பார்த்தார். "இன்னாடா சொல்றா?"

"சொந்தக் கால்ல நிக்கணும்ங்கறா நைனா."

"வெள்ளைக்காரனும் அதையேவா சொல்றான்?"

"அதையேதான். ஒரு பொம்பளப் புள்ள, ஒண்டியா வந்துச்சு, அதான் சொல்லிச்சு."

விருந்தாளிகள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். அங்கே அவர்களுடைய செருப்புகள் பட்டு நூலில் ஜோடி ஜோடியாகக் கட்டுப்பட்டுக் கொடியில் தொங்கின! வாசலில் செருப்பு சிதறிக் கிடந்தால் நைனாவின் கை சும்மா இருக்காது. வந்தவர்கள் உள்ளே உட்காருவதற்குள் பழக்கத்தில் கட்டி மாட்டியிருந்தார்.

"நல்ல காரியத்துக்கு வந்தா செருப்பக் கட்டித் தொங்கவுடறாங்க, சகுனமே சரியில்ல" என்று மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க விரலுக்கு நூல் எங்கபா?"

நைனா ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அவரவர் காலடியில் வைத்துவிட்டு, வழக்கம்போல் குனிந்தபடியே இல்லாமல், எழுந்து நின்று சொன்னார்: "கோச்சிக்காதீங்க. பொண்ணு இப்போ வேணாம். படிச்சிக்கினு இருக்குது, படிக்கட்டும்."

மறுநாள் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லையாம். அக்கா டீச்சரானாள், கல்யாணமும் தான் பார்த்த ஆளோடு பண்ணிக்கொண்டாள், அரசாங்கப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டாள்.

அந்தக் கோயில் வாசலில் இப்போது இரும்பு அலமாரியும் பிளாஸ்டிக் டோக்கனும் வந்துவிட்டன. பட்டு நூல் சுற்றிய விரலோடு சாமி கும்பிடுகிறவர்களை இனிப் பார்க்க முடியாது. வெள்ளைக்காரர்கள் போனைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

போன வாரம் அக்கா என் கடைக்கு வந்தாள். ஆள் படை அத்தனை பேர் இருந்தும் நானே கீழே உட்கார்ந்து அவள் காலுக்குச் செருப்பு போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்க முடியுமா? "அன்னைக்கி நான் மட்டும் அத்தினி பேரையும் மடக்கிக் கேக்கலன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டது நீதான்டா முதலாளி, யாரு இல்லன்னு சொன்னா?" என்று என் தோளைப் பிடித்து எழுந்தாள். "நின்னது நானு."

தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, புதுச் செருப்போடு கடையின் அந்த மூலை வரை நடந்து போய்த் திரும்பி நின்றாள். அளவு கச்சிதமாக இருந்தது.