பேனரில் நின்றுபோன நிலா

ஆரோக்கியமேரி டீச்சர் போய்விட்டார் என்று போன் வந்தபோது, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே என் பூக்கடையில் சம்பங்கி மாலை கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடியில் வெகு காலம் குடியிருந்தவர். பள்ளியில் அறிவியல் எடுத்தவர். அந்த மாலையை அவருக்கென்றே எடுத்து வைத்தேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் நிலாவும் நடுங்கும் என்பது எனக்குத் தெரியும்; அவரோடு பழகிய யாருக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள் தண்ணீர் பிடிக்க வந்தவர், நிறைந்திருந்த என் பித்தளைக் குடத்தைக் கரண்டியால் தட்டினார். சத்தம் உடனே அடங்கியது. அதையே காலி செய்துவிட்டுத் தட்டினார். ரீங்காரம் நிற்கவே இல்லை.

“பூமியில ஈரம் இருக்கும்மா, ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்கிடும். நிலா காஞ்சு கிடக்கு. அங்க லேசுல அடங்காது.”

“சரி, ஆட்டுறது யாரு?”

“இங்க மேல் ஓடு பல துண்டா இருக்கு. ஒண்ணையொண்ணு நெருக்கி, மாட்டிக்கிட்டு, திடீர்னு வழுக்கும். நிலாவுக்கு ஓடு ஒரே துண்டு. அதை நம்ம பூமிதான் இழுத்து இழுத்து உள்ளுக்குள்ள நோகடிக்குது. போதாததுக்கு, உள்சூடு ஆற ஆறச் சுருங்கி விரிசல் விடுது. குளிர்ந்த தரையில வெயில் பட்டாலும், கல்லு வந்து விழுந்தாலும் அதிரும்.”

அவரோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருமுறை என் கடையில் நின்று, “பூக்காரம்மா, நிலாவுக்கு நடுக்கமாம்! ஒரு கம்பளி வாங்கி அனுப்புங்க” என்று சிரித்தார்.

பக்கத்தில் நின்ற டீச்சர் விடவில்லை. “நல்ல யோசனை சார். சூடு ஆறாம இருந்தா சுருங்காதே!”

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு அதே வாத்தியார்தான் பேனர் வைத்திருந்தார். டீச்சர் படத்தைவிட அவர் படம் பெரிது. கீழே, ‘நிலவைப் போல் அசையாத மனம் கொண்டவர்.’ இத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் டீ குடித்த மனுஷன்!

“சார், நிலா ஆடும்னு சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டினவங்க. அவங்க பேர்லயே இப்படிப் போடலாமா? மாத்துங்க.”

“விடுங்கம்மா, கேக்க அழகா இருக்குல்ல? யாரு இதையெல்லாம் பாக்கப்போறா?”

டீச்சரிடம் படித்தவர்கள் முன்வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனைத் தடவினார்கள். சமோசாத் தட்டு வந்ததும் எல்லாக் கையும் நீண்டது. சீ என்றாகிவிட்டது.

மாலையை டீச்சர் படத்துக்குப் போடவில்லை. நாற்காலியில் ஏறி, ‘அசையாத’ என்ற வார்த்தை முழுக்க மறையும்படி மாட்டினேன்.

“மாலையை அங்கயா போடுவாங்க?” என்று வாத்தியார் கத்தினார்.

“டீச்சருக்கு இங்கதான் சார் மரியாதை போச்சு” என்றேன்.

அந்தப் பித்தளைக் குடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது அதில் தண்ணீர் பிடிப்பதில்லை; நிலா மாதிரி காய்ந்தே கிடக்கட்டும். கடைக்குக் கிளம்பும்போது ஒரு தட்டுத் தட்டுவேன். சத்தம் அடங்கிய பிறகுதான் வாசல்படி இறங்குவேன்.