மெதுவாக் கரையிற மாத்திரை

எங்களோடு இருந்த சின்னம்மாவுக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, வலிப்பு உண்டு. மூன்று வேளையும் மாத்திரை போட்டாக வேண்டும். பேகம்பூரில் எங்கள் தெருவே நோன்பு பிடிக்கிற மாதத்தில், மதியம் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சோறு தின்பவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது சலுகையாகத் தெரிந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயதான வருடம் டாக்டர் மாத்திரையை மாற்றினார். கூடப் போய்வந்த என் தகப்பனார், அதாவது எங்கள் அத்தா, எதையும் சுருக்கியே சொல்லிப் பழகியவர்.

"இனி ரெண்டு வேளை போதுமாம். மெதுவாக் கரையிற மாத்திரையாம். நோன்பு வச்சுப் பாக்கலாம்னுட்டாரு."

சின்னம்மா அழுதேவிட்டார். விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, சாயங்காலம் நோன்பு திறந்ததும் ஒன்று. நடுவில் ஒரு பகல் முழுக்க மாத்திரை பார்த்துக்கொள்ளும்.

எனக்கு அந்த 'மெதுவா'தான் உறுத்தியது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைத் திட்டுகிற சொல் அது. இப்படிப்பட்ட சோம்பேறி மாத்திரை வயிற்றுக்குள் போய் என்னதான் செய்யும்? தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஐந்தாம் நோன்பு அன்று பழைய மாத்திரை ஒன்றையும் புதியது ஒன்றையும் எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுக் காவல் இருந்தேன். பழையது சற்று நேரத்திலேயே சுண்ணாம்பாக உதிர்ந்தது. புதியதோ ஓரத்தில் மட்டும் கொழகொழத்து, பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்கும்வரை உருக்குலையாமல் கிடந்தது.

அன்று நோன்பு திறக்கும்போது, ஏலக்காய் தட்டுகிற இடிகல்லில் சின்னம்மாவின் மாத்திரையைப் பொடியாக்கிக் கஞ்சியில் கலக்கிக் கொண்டுபோனேன்.

"பொடிச்சுட்டியா புள்ள? நல்லதாப் போச்சு. இம்புட்டுப் பெருசு, தொண்டையிலயே நிக்குது" என்று சொல்லி மடமடவெனக் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தலை சுற்றியது. என்னை உற்றுப் பார்த்து, "ஏ புள்ள, ரெண்டு பேரா நிக்கிறியே!" என்று சிரித்தார். பசி மயக்கம் என்றார்கள். மாத்திரைக்கு இப்போதுதான் சுறுசுறுப்பு வந்திருக்கிறது என்று நான் பூரித்துப்போனேன். மறுநாளும் இடித்தேன். அதற்கடுத்த விடியற்காலை, சஹருக்கு உட்கார்ந்து சோற்றில் கை வைக்குமுன்பே சின்னம்மா கைகால் வெட்டியிழுத்துச் சாய்ந்துவிட்டார்.

நோன்புதான் காரணம் என்று வீட்டில் முடிவுகட்டினார்கள். இடிகல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்தை நான் ஒரே மடக்கில் இறக்கியிருந்தேன். முதலில் அது அளவுக்கு மிஞ்சி, விடியுமுன் குறைந்துபோயிருக்கிறது. உடைக்காமல் விழுங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தாராம். அத்தா சுருக்கியதில் அது விட்டுப்போனது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து.

வலிப்பு வந்த அன்று மதியம் அடுக்களைக் கதவு மறுபடி சாத்தியிருந்தது. துணைக்கு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"ஆறு நோன்பு வச்சேன்ல புள்ள, அது போதும் எனக்கு" என்றார் சின்னம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

எனக்கு அந்தச் சோம்பேறி மாத்திரை மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மெதுவாக இருப்பதுதான் அதன் வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கதவைச் சாத்தியது நான்தான் என்பதும் தெரியாது.