பிளேட் போடும் முன் ஒரு சந்தேகம்

அச்சுக்கு ஃபைல் தயார் செய்யும் தொழிலில் யாரையும் நம்பக் கூடாது. கஸ்டமரை, ஃபாண்டை, கம்ப்யூட்டர் திரையை, முக்கியமாக "ஒண்ணும் மாத்தாண்டாம், அப்படியே அனுப்பிருங்க" என்கிறவரை. அச்சுத் தகடான பிளேட்டைப் போட்டு மெஷின் ஓடிவிட்டால் தப்பு கட்டுக் கட்டாக வந்து இறங்கும். தென்காசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் டிசைன் என் பொறுப்பு. என்னைப் போலவே திரையை முறைத்துக் கண் பூத்துப்போன சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும்.

பச்சையில் கலப்படம்

சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர், தங்கை நிக்காஹ் பத்திரிகைக்கான டிசைனை செல்போனில் கொண்டுவந்தார். கண்ணைப் பறிக்கும் பச்சை. போனில் தெரிவது வெளிச்சம், பேப்பரில் வருவது நாலு மை கலந்த நிறம், கொஞ்சம் மங்கத்தான் செய்யும் என்று சொல்லி, மாதிரித் தாள் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அவர் தாளை மோந்து பார்த்தார். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். மையில் நாங்கள் ஏதோ கலக்கிறோம் என்று அவருக்குச் சந்தேகம்.

போனையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டினேன். இரண்டு பச்சையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. இனி புரிந்துவிடும் என்று நிம்மதியாக நிமிர்ந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப என் போனையும் என்னமோ பண்ணிட்டியளே!"

யார் பெயர் கருப்பு?

ராயகிரிப் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நோட்டீஸ். பெயர்களை அகர வரிசையில் போட்டு, ப்ரூஃபில் கமிட்டியிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. பிறகு பங்காளிகள் இருவர் தனித்தனியாக வந்தார்கள். ஒருவர், தன் பெயருக்கு மேலே இருப்பவன் எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தானா என்று விசாரித்தார். அடுத்தவர் ஸ்கேலோடு வந்து, திரை மேலேயே வைத்து எழுத்தின் உயரத்தை அளந்தார். அவர் போனதும் நானே ஒருதரம் அளந்து பார்த்தேன் என்றால் பாருங்கள்.

பிளேட் போடும் இடத்தில் நம் ஃபாண்ட் இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும். அதனால் எழுத்து முழுவதையும் படமாக மாற்றித்தான் அனுப்பினேன். சுத்தமாக அடித்து வந்தது. அதை வாங்கிப்போக இருவரும் ஒரே பைக்கில் வந்தார்கள், சமாதானமாகிவிட்டார்கள் போல. மூத்தவர் மட்டும் நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்: "சைஸெல்லாம் சரிதாம்மா. ஆனா அவன் பேரு மட்டும் எதுக்குக் கூடுதல் கருப்பா இருக்கு?"

காணவில்லை

இது சிரிக்கிற விஷயமில்லை. ஆலங்குளத்திலிருந்து வருவதாகச் சொன்ன ஒருவர் 'காணவில்லை' போஸ்டர் கேட்டார். சலவைச் சட்டை, நிதானமான பேச்சு. "தங்கச்சியக் காணும்மா. சீக்கிரம் அடிச்சுத் தாங்க, பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டணும்." எனக்கு மனசு பதறியது. மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். போஸ்டர் அளவுக்கு இழுத்தால் கட்டம் கட்டமாக உடையும். ஒரிஜினல் படம் கேட்டேன். இதுதான் இருக்கிறது என்றார். "முகம் தெரியாட்டா ஒட்டி என்ன பிரயோசனம்?" என்றதும், கொஞ்ச நேரம் போனைத் தடவிவிட்டு இன்னொன்றை அனுப்பினார்.

திறந்தால், முழுப் படம். மாலையும் கழுத்துமாக அந்தப் பெண். பக்கத்தில் மாலையோடு நிற்பது இதே ஆள்! முகத்தில் ஒன்றும் காட்டாமல், "போலீஸ்ல புகார் குடுத்த ரசீது வேணுமே" என்றேன். "அதெல்லாம் எதுக்கு? குடும்ப மானம் போயிரும். என் நம்பர மட்டும் போடுங்க." ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிப் போகாத மானமா ரசீதில் போய்விடும்? முதலாளி அண்ணாச்சியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ரசீது இல்லாம அடிக்க மாட்டோம் தம்பி" என்று மட்டும் சொன்னார். "ஊர்ல வேற கடையே இல்லையா?" என்று அந்த ஆள் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பெண் நிஜமாகவே ஆபத்தில் இருந்தால்? ஒரு போஸ்டரால் கிடைக்க வேண்டியவளை என் சந்தேகம் கெடுத்துவிட்டால்? அண்ணாச்சி மகளிர் காவல் நிலையத்துக்குப் போன் போட்டு விவரம் சொன்னார். நான் அச்சகக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், இப்படி ஒரு போஸ்டர் வந்தால் ரசீது பார்க்காமல் அடிக்காதீர்கள் என்று போட்டேன். செங்கோட்டையிலிருந்து ஒரு கடைக்காரர் உடனே பதில் போட்டார்: 'இங்கனதான் உக்காந்திருக்கான்.' அதையும் ஸ்டேஷனுக்குச் சொன்னோம். ஃபைல் திறக்கவில்லை, கரெண்ட் இல்லை என்று சொல்லிச் சொல்லியே போலீஸ் வரும்வரை அந்தக் கடைக்காரர் அந்த ஆளை உட்கார வைத்திருக்கிறார்.

சாயங்காலம் ஒரு பெண் ஏட்டு எங்கள் கடைக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் அடி தாங்காமல் ஏற்கெனவே புகார் கொடுத்துவிட்டு, பத்திரமான இடத்தில் இருக்கிறாளாம். போகும்போது ஏட்டு சொன்னார்: "அந்தப் பிள்ள காணாமல்லாம் போவல. இவன் கண்ணுல படாம இருக்கு, அவ்வளவுதான்."

தேதிக்கு இடம்

அதற்குப் பிறகு யார் போட்டோ நீட்டினாலும் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் குற்றாலத்தில் சீசனுக்கு ரூம் விடும் பெரியவர் ஒருவர், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு டிசைன் கேட்டு வந்தார். படம் அவருடையதேதான். புதுச் சட்டை, சீவிய தலை, நல்ல சிரிப்பு. யாருக்கு என்றேன். "எனக்குத்தான்." டீ வாங்கி வரச் சொன்னேன், வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன், ஃபைல் அனுப்ப வேண்டும் என்று மகன் நம்பரை நைசாக வாங்கினேன்.

அவர் புரிந்துகொண்டு சிரித்தார். "ஏ தாயி, நான் சாவ வரல. எங்க அண்ணன் செத்தப்ப ரேஷன் கார்டு போட்டாவப் பெருசாக்கி ஒட்டுனானுவ. சொந்தக்காரனே இது யாருன்னு கேக்கான்." நான் நம்பவில்லை. வெளியே போய் மகனுக்குப் போன் போட்டேன். "ஆமாக்கா, ஒரு வாரமா போட்டாவுக்கு எந்தச் சட்ட எடுப்பா இருக்கும்னு கேட்டு உயிர எடுக்காரு" என்றான். உள்ளே வந்து படத்தைச் சுத்தமாக்கி, அச்சுக்குத் தயாராக்கிக் கொடுத்தேன். பெரியவர் திரையில் தன் முகத்தை ஆசை தீரப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேதிக்கு மட்டும் இடம் விட்டுரு தாயி. ஒரு அவசரமும் இல்ல."

இப்படிச் சந்தேகப்பட்டே பழகி, சொந்தத் தம்பி தன் கல்யாணப் பத்திரிகை மேட்டரைக் கொண்டுவந்து நீட்டியபோதுகூட, "மாப்பிள்ள நீதானா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கையில் வாங்கினேன்.