யாரையும் கடிக்காத சுறா

சுறாவை அவிக்கும்போது எழுகிற மூத்திர வாடை, வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் பெரியகல்லாற்றில் நான் வளர்ந்த வீட்டின் குசினிச் சுவர்களில் ஊறிக் கிடந்தது. பிள்ளை பெற்ற பெண் வீட்டில் இருந்தால் சட்டியில் ‘பால்சுறா’ கொதிக்கும். சதையை உதிர்த்துத் துருவிய தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு ‘வறை’ செய்து கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும் என்பது ஊரின் நம்பிக்கை. பாலுக்கும் சுறாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் வறை ருசியானது, மறுக்கமாட்டேன். இருந்தும் அந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்கு வருவது பசியல்ல, ஆத்திரம்.

ஏனென்றால் பெண்ணுக்குப் பால் தருகிற அதே சுறாதான் எங்கள் வீட்டில் பெண்ணைத் தின்ன வருகிற பிசாசும். அம்மாவின் மூத்த சகோதரியான பெரியம்மா பெயரில் வீடும் வளவும் இருந்தன, ஆகவே சட்டமும் அவருடையதுதான். “பெரியபிள்ளையான பொட்டையள் வாவியில இறங்கப்படாது. ஒரு சொட்டு ரத்தம் போதும் மனே, முகத்துவாரத்தால சுறா மணந்து பிடிச்சு வந்திரும்” என்பார். மாதத்தில் அந்தச் சில நாட்களுக்கு மட்டுமா என்றால் அதுவுமில்லை, ஆயுள் முழுவதும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்கே போகும். வீட்டைத் தந்த ஊருக்கு, வீட்டின் பின்னால் கிடந்த தண்ணீரைத் தர மனம் வரவில்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், வீட்டின் பின்னால் அதே வாவித் துறையில்தான் தினமும் காலையில் பெண்கள் மீன் வெட்டினார்கள். குடலும் இரத்தமும் வாளி வாளியாக வாவியில் கொட்டப்பட்டன, தண்ணீர் சிவந்து கலங்கியது, பொடியன்கள் பக்கத்திலேயே குதித்துக் கும்மாளமடித்தார்கள், ஒரு சுறாவும் எட்டிப் பார்க்கவில்லை. “மீன் ரத்தத்துக்கு வராத சுறா என்ர ரத்தத்துக்கு மட்டும் வருமா?” என்று நான் ஒருமுறை கேட்டேன். “வாய் நீளுதுகா உனக்கு” என்பதுதான் கிடைத்த பதில், கூடவே அகப்பைக் காம்பால் ஒன்று.

பெரியம்மாவின் ஒரே மகள் வசந்தி அக்கா. காய்ந்த தேங்காய்கள் இரண்டைக் கயிற்றில் பிணைத்துக் கக்கத்துக்குள் வைத்து மிதக்கப் பழகுவது எங்கள் ஊர் வழக்கம். கை காலெல்லாம் படிந்த பிறகு ஒரு நாள் தேங்காயை விடச் சொல்வார்கள், விட்டால் நீச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம். அக்கா தேங்காயை விடுகிற கட்டத்துக்கு வந்த வருடம் பெரியபிள்ளையானாள். அந்தத் தேங்காய்களை அன்றே உடைத்துக் கறிக்குத் துருவிவிட்டார் பெரியம்மா.

சில வருடம் கழித்து, வாவிக்கு அக்கரையிலுள்ள ‘வட்டை’ வயல்களில் அறுவடைக்கு அக்காவும் போன தோணி, திரும்பி வரும் வழியில் காற்றில் கவிழ்ந்தது. கரை தெரிகிற தூரம். ஆண்கள் நீந்தி வந்தார்கள், பொடியன்கள் சிரித்துக்கொண்டே நீந்தி வந்தார்கள், அக்கா வரவில்லை. மறுநாள் விடியக் கரையோரக் கண்ணாமர வேர்களுக்கிடையில் கிடைத்தாள். குளிப்பாட்டியது பெரியம்மா, தண்ணீர் வார்த்தவள் நான். உடம்பில் ஒரு பல்லடையாளம் இல்லை. குளிப்பாட்டி முடித்து வெளியே வந்து, கூடியிருந்த சனத்துக்கு முன்னால் பெரியம்மா சொன்னார்: “என்ர பிள்ளையச் சுறா இழுத்திட்டு.”

ஊருக்கு அது போதும். ஆண்கள் கடலில் வலை வளைத்து ஒரு சுறாவைப் பிடித்து வந்து பூவரசில் தொங்கவிட்டு, பழி வாங்குகிறோம் என்று வயிற்றைக் கிழித்தார்கள். உள்ளேயிருந்து விழுந்தவை குட்டிகள், துடித்துக்கொண்டிருந்த குட்டிகள். அந்தத் தாயைக் கொன்றுவிட்டு எல்லோரும் மனநிறைவோடு வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் நின்று அதன் முள்ளந்தண்டைத் தொட்டுப் பார்த்தேன், காது மடலைப் போல வளைந்தது.

சுறாவுக்கு எலும்பே இல்லை, எல்லாம் குருத்தெலும்பு என்று பிறகு விலங்கியல் படித்தபோது தெரிந்துகொண்டேன். அது உக்கிப்போகும், பல் நிலைக்கும். அதனால்தான் ஆதிகாலத்து இராட்சதச் சுறாவில் நமக்கு மிஞ்சியது பெரும்பாலும் உள்ளங்கையளவு பற்கள். பூமியில் முதல் மரம் நிற்கும் முன்பே கடலில் சுறா இருந்தது. இரத்தத்தை மணப்பது உண்மைதான், ஆனால் ஊருக்கு ஊர் தாண்டி ஒரு சொட்டை மணக்கும் என்பது கட்டுக்கதை. மாதவிலக்குப் பெண்ணைத் தேடி வரும் என்பதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. இன்று அந்த இராட்சதச் சுறா ஆழ்கடலில் இன்னும் ஒளிந்திருக்கிறதென்று பிள்ளைகள் கைபேசியில் காட்டுகிறார்கள். அது அழிந்து எத்தனையோ இலட்சம் வருடம் என்றால் நம்பமாட்டார்கள். சனத்துக்கு உண்மை கசக்கும், பூச்சாண்டி இனிக்கும்.

அக்காவுக்கு வரவேண்டிய வீடு எனக்கு வந்தது, பெரியம்மாவும் சேர்ந்து வந்தார். பால்சுறா இப்போது சந்தைக்கு வருவதே அருமை, முகத்துவாரத்தில் சுறா கண்டேன் என்று சொல்ல ஆளில்லை. கடலிலேயே அருகிப்போன சுறா எங்கள் வளவில் மட்டும் சாகவில்லை.

போன மாதம், தேங்காய்ப் பிணையலில் கை காலெல்லாம் படிந்து, பிறகு பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கும் முடிந்த என் மகளை அதே பிணையலோடு வாவியில் இறக்கினேன். பெரியம்மா தடியூன்றிக் கரைக்கே வந்துவிட்டார். “இறங்காத மனே, சுறா வரும்!”

“அக்காவக் குளிப்பாட்டினது நீங்கதானே,” என்றேன். “எங்க கடிச்சிருந்திச்சு? காட்டுங்க பாப்பம்.”

“ஓரிடத்திலயும் இல்லகா. எனக்கு அண்டைக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சுறா எண்டு சொன்னீங்க?”

“சுறா இல்லாட்டி,” என்றார், “பிறகு இழுத்தது நானெல்லோ.”

எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு வீட்டுக் கதையைப் படிக்கட்டும். நான் அவருக்கு முதுகைக் காட்டி, இடுப்பளவு நீரில் நின்று மகளிடம் சொன்னேன்:

“தேங்காய விடு.”

விட்டாள்.