நான்காவது கம்பி

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இவ்வளவு துல்லியமாக எனக்கு நினைவில்லை, மடிக்கணினிக்கு இருக்கிறது. ஒலிப்பதிவுக் கோப்பில் தேதியும் நேரமும் தாமாகப் பதிந்துவிடுகின்றன. அந்தக் கோப்பைத் திறந்தால் முதலில் கேபிளைச் செருகும் ஓசை கேட்கும். எங்கள் டிரம்மர் தொண்டையைச் செருமுவார். பிறகு ஒரே ஒரு சுரம், நான் வாசித்தது. அது அடங்குவதற்குள் கிட்டார்காரரின் சிரிப்பு. சிரிப்பு நின்ற பிறகு கதவுக்கு வெளியே பெண்களின் குரல்கள்.

நாங்கள் மூன்று பேர். டிரம்ஸ் வாசிப்பவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறார். நான் அவரை அண்ணன் என்று அழைப்பேன். கிட்டார் வாசித்துப் பாடுபவர் காலண்டர் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. சீசனில் சாம்பிள்களைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போவார். நான் பேஸ் கிட்டார், குழுவில் ஒரே பெண். விருதுநகரில் ஒரு கல்லூரியில் முதுகலை இலக்கியம் படிக்கிறேன். ராக் இசைக்குழு என்றால் எங்கள் பக்கத்தில், "ஆர்கெஸ்ட்ராவா?" என்பார்கள். ஆமென்று சொல்லிவிடுவோம். அதில் பொய்யும் இல்லை. கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசித்துத்தான் எங்கள் சொந்தப் பாட்டுக்கு மைக் வாங்கினோம்.

பயிற்சி செய்ய அச்சக முதலாளி ஒரு காகிதக் கிடங்கைத் திறந்துகொள்ள விட்டிருந்தார். எங்கள் தெருவின் கடைசியில், நாரணாபுரம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. சுவரை மறைத்து வெள்ளைக் காகிதக் கட்டுகள். அவற்றுக்கு முன்னால் விற்காமல் போன பழைய ஆண்டுக் காலண்டர்கள். காகிதம் ஓசையைக் குடித்துவிடும். உள்ளே கைதட்டினால் எதிரொலி எழாது. பணம் கட்டிப் போகும் ஸ்டுடியோவில்கூட அப்படி ஓர் அமைதி இருக்குமா என்று தெரியவில்லை. டிரம்ஸைச் சுற்றி முருகனும் லட்சுமியும் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்க, நாங்கள் வாசித்துக்கொண்டிருப்போம்.

அதுவரை என்னிடம் இருந்தது மடியில் வைக்கக்கூடிய சின்ன ஆம்ப்ளிஃபயர். டிரம்ஸ் தொடங்கினால் என் ஓசை எனக்கே கேட்காது. அந்த ஞாயிறன்றுதான் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் வந்தது. மதுரையில் கலைந்துபோன ஓர் இசைக்குழுவினுடையது. பீரோ படுத்திருப்பதுபோல இருந்தது. மூவரும் லோடு ஆட்டோவிலிருந்து இறக்கி, கதவோரம் வைத்தோம். நான் கேபிளைச் செருகினேன். பேஸ் கிட்டாரில் நான்கு கம்பிகள். நான்காவதுதான் தடித்தது, ஆழமான ஓசை உடையது. அதை ஒருமுறை மீட்டினேன். டிரம்மர் அதே கணத்தில் காலால் கிக் டிரம்மை மிதித்தார். காகிதம் மேலோசைகளையெல்லாம் குடித்துக்கொண்டது. அடியோசையை அதனால் பிடித்து வைக்க முடியவில்லை. அது தரை வழியாக வெளியேறித் தெருவுக்குள் போயிற்று.

எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டாசுக் கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். பேச்சைக்கூட நிறுத்த மாட்டோம். ஆனால் தரை வழியாக வந்து ஜன்னல் கம்பியை உலுக்கும் சத்தம் வேறு. அது கேட்டால் வீட்டுக்குள் யாரும் இருப்பதில்லை. தீபாவளி சீசன் நெருங்கியிருந்ததால் சில கம்பெனிகளில் ஞாயிறும் வேலை நடந்தது. தெருவில் பாதி வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் அன்று வேலைக்குப் போயிருந்தார்கள்.

நான் கிட்டாரைக் கழற்றாமலே வெளியே ஓடி வந்தேன். பெண்கள் சாலை முனையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலர் காதில் போன்.

"எந்தப் பக்கம்னு தெரியலையே. புகையக் காணோமே."

"மணி மூணுதான ஆகுது. இன்னும் கம்பெனி வேன் கெளம்பியிருக்காதே."

அவர்களுக்கு நடுவில் அம்மா நின்றாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை, ஈரம் சொட்டச் சொட்ட. காலில் செருப்பில்லை. அம்மா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு யூனிட்டில் வேலை செய்கிறாள். அன்று அவளுக்கு விடுமுறை. போர்மேனுக்குப் போன் போட்டிருந்தாள்.

டிரம்மர் கையில் குச்சிகளோடு வந்து நின்றார். எதிர்வீட்டு அத்தை அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, உள்ள என்னத்தலே வச்சிருக்கீக?"

"பாக்ஸு அத்தை. பாட்டு வாசிக்கிறது."

"பாட்டுன்னா காதுல கேக்கணும்லே. என் வீட்டு அலமாரியில சட்டியெல்லாம் எறங்கி வருது."

யாரோ சிரித்தார்கள். ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா என் தோளில் தொங்கிய கிட்டாரைப் பார்த்தாள். போனில் போர்மேனின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒன்னுமில்லண்ணே," என்றாள் அம்மா. "எம் பிள்ளதான்."

அம்மா அப்போது வேலை செய்த யூனிட்டில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அறை வெடித்தது. அம்மா அடுத்த அறையில் இருந்தாள். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் காதை எதனாலும் மூடுவதில்லை. மார்கழிப் பனியிலும் தலையில் துண்டு கட்டமாட்டாள். ஏதாவது பொத்தென்று விழுந்தால், என்னவென்று பார்ப்பதற்கு முன்பே வாசலில் நிற்பாள். என்னிடமிருந்து வந்த சத்தம் அவளை முதன்முறையாகத் தெருமுனை வரை ஓட வைத்திருந்தது.

பேஸ் வாசிப்பதை விட்டுவிடுகிறேன் என்று மறுநாள் டிரம்மரிடம் சொன்னேன்.

"அப்ப நான் யாரப் பாத்துத் தாயி அடிக்க? அவன் கண்ண மூடிக்கிட்டுப் பாடுறான்," என்றார். "தெருவுல கேப்போம். வேண்டாம்னா பெட்டியத் திரும்ப மதுரைக்கே அனுப்பிருவோம்."

தெருவில் கேட்டோம். தீர்ப்புச் சொன்னவள் எதிர்வீட்டு அத்தை. "வாசிங்க. யாரு வேண்டாம்னது? சொல்லிட்டு வாசிங்க. சாம்பிள் வெடிக்கைல எங்க கம்பெனியில ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான் பத்த வைப்பாக. வருதுன்னு தெரிஞ்சா எம்புட்டுச் சத்தமும் தாங்கலாம்."

யார் சொல்வது என்ற கேள்வி எழுந்தபோது, இரண்டு ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், படுத்திருப்பார்கள். ஆண் பிள்ளைகள் போய் எட்டிப்பார்க்க முடியாது. அவர்கள் சொன்ன காரணம் சரியானதுதான். வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட மெதுவாகக் குரல் கொடுப்பவள் நான். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் பாதி மறைந்து நிற்பேன். பேஸ் எனக்குப் பிடித்ததற்கே அதுதான் காரணம். அது இருக்கும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள், நின்றுவிட்டால் மட்டும் பாட்டு வெறுமையாகத் தெரியும்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வாசல் வாசலாகப் போனேன். "அக்கா, ஆரம்பிக்கப் போறோம்."

"ஏ பிள்ள, வாயத் தெறந்து சொல்லு. பொண்ணு பாக்க வந்தவுக முன்னால நிக்கிற மாதிரி நிக்கிறே."

"அக்கா, ஆரம்பிக்கப் போறோம்."

"ஆரம்பிங்க, ஆரம்பிங்க. சாப்பிட்டீகளா மூணு பேரும்?"

எங்கள் வீட்டு வாசலிலும் நின்று சொல்வேன். அம்மா தலையாட்டிவிட்டு, ஆணியில் மாட்டியிருக்கும் பையை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் கிளம்பிவிடுவாள். கோபமில்லை. திரும்பி வரும்போது எங்கள் மூவருக்கும் பக்கோடா வாங்கி வருவாள். நாங்கள் வாசித்து முடிக்கும் வரை மட்டும் வரமாட்டாள்.

அந்த ஞாயிறுகளில் சொந்தப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தோம். சொற்கள் என்னுடையவை, வேனுக்குக் காத்திருப்பவர்களைப் பற்றியது. கிட்டார்காரர் ஆர்டர் வேலையாகக் கேரளம் போய்வந்து, பயணப் புழுதியோடு நேராகக் கிடங்குக்கு வருவார். டிரம்மரின் தாளம் முதலில் மெஷினைப்போல விறைப்பாக இருந்தது. நான் அவருக்குச் சற்றே பின்னால் வாசிக்கத் தொடங்கியதும் அது மூச்சுவிட்டது. தீபாவளிக்குள் பாட்டு முடிந்தது.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளுக்குச் சில வாரம் விடுமுறை. ஒரு மாலை அம்மா அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாட்டைப் போனில் போட்டுக் காட்டினேன். கையை நிறுத்தி முழுவதும் கேட்டாள்.

"நல்லாத்தான் பாடுறான் அந்தப் பையன். கொட்டும் நல்லாருக்கு." சற்று யோசித்தாள். "இதுல நீ எங்கன இருக்கே?"

போனின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து பேஸ் வெளியே வராது. பாட்டின் அடியில் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை நான் இருக்கிறேன். அம்மா கேட்டதில் நான் எங்குமே இல்லை. ஹெட்போனை நீட்டினேன். "காதப் பொத்துறதெல்லாம் எனக்கு வேண்டாம்," என்று நகர்த்தி வைத்தாள்.

அந்தப் பெரிய பெட்டிக்கு முன்னால் வந்து நின்றால் மட்டுமே அம்மாவால் நான் வாசிப்பதைக் கேட்க முடியும். அவளும் அதைப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். வெங்காயத்தோலை அள்ளிக்கொண்டே, "எப்ப அடிப்பேனு முன்னாடியே காட்டுவியா?" என்று கேட்டாள்.

"காட்டுறேம்மா."

கம்பெனி திறப்பதற்கு முந்தைய நாள் மாலை, கிடங்கின் முன்னால் இருந்த காலி இடத்தில் கச்சேரி வைத்தோம். தெருவே கேட்டதுதான். "வாரா வாரம் ஆரம்பிக்கப் போறோம்னு சொல்லிட்டுப் போறியே, இன்னும் ஆரம்பிச்ச பாடில்லயே," என்று அத்தை கேலி செய்திருந்தாள். வெயில் இறங்கும் நேரம். இரண்டு சினிமாப் பாட்டுகள். அவற்றில் பேஸைக் குறைத்தே வைத்தேன். அம்மா வந்திருந்தாள். கூட்டத்துக்குப் பின்னால், மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கிளம்பத் தோதாக நின்றாள். தோளில் அந்தப் பை.

எங்கள் பாட்டை அன்று மாற்றி அமைத்திருந்தோம். முதல் சரணம் வரை கிட்டாரும் குரலும் மட்டும். டிரம்மர் குச்சியால் விளிம்பை மெல்லத் தட்டிக்கொண்டிருப்பார். நான் உள்ளே வர வேண்டிய இடம் நெருங்கியபோது, ஆம்ப்ளிஃபயரில் ஓசையைக் கூட்டினேன். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். வலது கையை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்தினேன். அம்மா தலையை ஆட்டினாள். நான்காவது கம்பியை மீட்டினேன்.

அவள் தோள்கள் மேலே ஏறின. கண்கள் சாலைப் பக்கம் போயின, நாரணாபுரம் திசை. அத்தை அவள் கையைப் பிடித்தாள். அடுத்த சுரத்தை நான் வாசித்தே ஆக வேண்டும். பாட்டு யாருக்காகவும் நிற்காது. வாசித்தேன். அம்மா சாலையிலிருந்து பார்வையைத் திருப்பி என் விரல்களைப் பார்த்தாள். விரல் அசைவதையும் சத்தம் வருவதையும் மாற்றி மாற்றிச் சரிபார்ப்பவளைப் போலிருந்தாள். பாட்டின் நடுவில் எப்போதோ மின்கம்பத்தை விட்டுவிட்டாள். முடியும்போது முன்வரிசையில், பெட்டிக்கு நேர் எதிரில் நின்றாள். பை அத்தையின் கையில் இருந்தது.

கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள்.

"பயந்துட்டியாம்மா?"

"சத்தம் ஒன்னும் பெருசில்ல. நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துட்டுப் போகுது, அம்புட்டுதான்." ஒரு கேபிளின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "நீ சிரிக்காமலே நிக்கிறியே. அதப் பாத்தாத்தான் பயமாருக்கு."

டிரம்மர் கேட்டுவிட்டார். "நல்லாக் கேளுங்க சித்தி. எங்கள அவ ஒரு நாளும் பாத்துச் சிரிச்சதில்ல," என்றார்.

மறுநாள் காலை அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விடுமுறைக்குப் பிறகு வேன் வரும் முதல் நாள். நான் பரணிலிருந்து பழைய சின்ன ஆம்ப்ளிஃபயரை இறக்கி, வீட்டில் முதன்முறையாகக் கேபிளைச் செருகினேன்.

"அம்மா, அடிக்கப் போறேன்."

"அடி," என்றாள் அடுப்படியிலிருந்து. "சொல்லிக்கிட்டே இருக்காத, வேன் வந்துரும்."

நான்காவது கம்பியை மீட்டினேன். ஜன்னல் கம்பி இலேசாக அதிர்ந்தது. அடுப்படியில் டிபன் பாக்ஸில் சோறு அள்ளி வைக்கும் கரண்டியின் சத்தம் நிற்கவில்லை. நான் அடுத்த சுரத்துக்குப் போனேன்.