விற்காத போர்வைகளும் அண்ணாவின் கேள்வியும்

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உற்றார் நண்பர் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய "ஏன்?" என்ற கேள்வியாகத்தான் இருக்கும்.

சாவகச்சேரியில் பிறந்த அண்ணா, போரில் வீடிழந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆக்லாந்து வந்தார். அந்நகரின் ஏவன்டேல் பகுதியில் எங்கள் இரு குடும்பங்களும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பென்ரோஸில் கம்பளிப் போர்வை செய்யும் ஆலையொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. மேலதிக நேரத்துக்குக் கூப்பிட்டாலும் மறுக்காமல் போவார்.

ஒருநாள் வழமைக்கு முன்னரே வீடு திரும்பினார்.

"செய்த போர்வை விக்காமல் ஸ்டோர் நிரம்பிப் போச்சாம். ஆக்களைக் குறைக்கப் போயினமாம்."

அண்ணி பதறிவிட்டார். அண்ணாவோ என்னைப் பார்த்து, "நாங்கள் அளவுக்கு மிஞ்சிச் செய்ததாலதான் எங்களுக்கு வேலை இல்லையெண்டால், அது என்ன கணக்கு?" என்று கேட்டார்.

மேலாளர் வெளிநாட்டுச் சந்தை தேடத் தொடங்கினார். இலங்கையில் போர்வை விற்குமா என்று அண்ணாவிடம் விசாரித்தார். யாழ்ப்பாணத்து வெக்கைக்கு விற்காது, மலைநாட்டில் குளிர் உண்டு என்றார் அண்ணா. நுவரெலியாவில் கடை வைத்திருந்த தம் பழைய நண்பருடன் தொலைபேசியில் தாமே கதைத்தார். வேலை தப்பிவிடும் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

"என்ன சொன்னவர்?" என்று அண்ணி கேட்டார்.

"தேயிலைத் தோட்டத்துச் சனம் குளிரில நடுங்குதாம். ஆனா இந்த விலைக்கு ஆர் வாங்குவினம் எண்டு கேக்கிறான். குளிருறவனிட்டக் காசில்லை. காசுள்ளவனிட்டப் போர்வை இருக்கு."

மறுநாள் அதை மேலாளரிடம் ஒளிக்காமல் சொன்னார். விலையைக் குறைத்துக் கொடுக்கலாமே என்றும் கேட்டார். அங்கே குறைத்தால் இங்கேயும் குறைக்கச் சொல்வார்கள் என்று மேலாளர் கைவிரித்துவிட்டார். அந்தக் குளிர்காலத்திலேயே ஆலை பாதிப்பேரை நிறுத்தியது. அண்ணாவும் அவர்களில் ஒருவர்.

வேலை போனதைவிட, அது ஏன் போனது என்பதே அவரைக் குடைந்தது. டாக்சி ஓட்டிக்கொண்டே, ஆக்லாந்தின் வடக்கே ஆல்பனியிலுள்ள பல்கலைக்கழகத்தில் பொருளியல் வகுப்பில் சேர்ந்தார். "படிப்பிக்கிறவரே எனக்குத் தம்பி வயசு" என்று சொல்லிச் சிரிப்பார்.

"இப்ப விளங்குதோ அண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எப்பிடி நடக்குதெண்டு விளங்குது. ஏன் இப்பிடியே விட்டிருக்கிறம் எண்டுதான் விளங்கேல்லை."

படிப்பை முடிக்குமுன் இதய நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்திவிட்டது. கடைசிக் கிழமையில், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, தமக்கு ஏற்றும் மருந்து எந்த நாட்டில் செய்தது என்று தாதியிடம் கேட்டார். தாதி மருந்துப் பெட்டியைத் தேடியெடுத்து வந்து வாசித்துச் சொன்னார். "அவ்வளவு தூரத்திலயிருந்தோ!" என்று அண்ணா கண்களை விரித்தார்.

அந்த நாட்களில் சமைத்துத் தந்த அயலவர்க்கும், கிரியைகளில் தோள்கொடுத்த அனைவர்க்கும் எங்கள் நன்றி. அத்தனை வேலைக்கிடையிலும் நின்று அண்ணாவுக்குப் பதில் சொன்ன அந்தத் தாதியின் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். அவருக்கும் நன்றி.