மூடிக்கு மட்டும் நெய்

போன வாரம் திருப்பத்தூர்ச் சந்தையில் நாவல் பழம் வாங்கினேன். உப்புத் தூவி இலையில் மடித்துக் கொடுத்தாள் பழக்காரி. பஸ் வருவதற்குள் அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி என் வாயைப் பார்த்து, "இந்த வயசுல இதென்ன கோலம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே ஊதா நிறத்தை வைத்து நான் ஒரு காலத்தில் செய்த திருட்டுத்தனம் அவளுக்குத் தெரியாது. உங்களிடம் சொன்னால் என்ன?

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. காரைக்குடியில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீசு, கருமாதிக் கடிதாசி என்று எல்லாம் வரும். அந்த வருஷம் தங்க மையில் பத்திரிகை அடிக்கச் சொல்வாரே இல்லை. பர்மா வியாபாரம் படுத்துவிட்டது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. படுத்ததோ எழுந்ததோ, எங்கள் சம்பளம் மட்டும் எப்போதும் படுத்தே கிடந்தது.

என்னோடு ஒரே அறையில் இருந்தவன் அழகப்பன். செட்டி வீட்டுப் பிள்ளைதான், ஆனால் நொடித்துப்போன வீடு. முதலாளியின் மனைவிக்கு, அதாவது எங்கள் ஆச்சிக்கு, ஏதோ தூரத்து உறவு. எழுத்துக் கோர்ப்பதில் அவன் சுமார்தான். சமையலில் மன்னன். வெறும் மோரையும் கறிவேப்பிலையையும் கொடுத்தால் விருந்து வைத்துவிடுவான்.

ஆடிப் பதினெட்டுக்கு அச்சகத்துக்கு விடுமுறை. கோட்டையூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரைக்கு முதலாளி குடும்பம் வண்டி கட்டிப் போகும். கூடவே நாங்களும் போவோம். அவரவர் சாப்பாட்டை அவரவர் கட்டி வரவேண்டும், அங்கே பகிர்ந்து உண்ணவேண்டும் என்பது வழக்கம். கண்மாயில் தண்ணீர் கணுக்கால் அளவு கிடந்தாலும் பெருக்கு பெருக்குதானே!

இரண்டு நாள் முன்னால், அச்சகத்தில் எங்களை மேய்க்கும் போர்மேன் எல்லார் முன்னாலும் வாயை விட்டார். "இவுக ரெண்டு பேரும் என்னத்தக் கொண்டாருவாக? பழைய சோத்துக்குப் பட்டுத்துணி கட்டிக் கொண்டாருவாக!"

அழகப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்துக்கிட்டே இருங்க. கவுனி கொண்டாறோம்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவுனி என்பது பர்மாக் கறுப்பரிசி. வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிளறி, சம்பந்தி விருந்தில் வைப்பார்கள். எங்கள் அறையிலோ கோழிக்குப் போடும் குருணை அரிசிதான் பானையில் கிடந்தது.

"கவுனிக்கு எங்கடா போறது?" என்றேன்.

"குருணை இருக்குல்ல? கறுப்பாக்கிருவோம்."

கொஞ்சம் அச்சு மை விட்டுப் பார்க்கலாமா என்று நான் யோசனை சொன்னேன். "கொலைக் கேசாயிரும்டா" என்றான். பிறகுதான் கண்மாய்க் கரை நாவல் மரங்கள் அவன் ஞாபகத்துக்கு வந்தன. பழத்தைப் பிசைந்து சாறெடுத்து, அதிலே குருணையை ஊறவைத்து வேகவைத்தோம். முதல் தடவை, பத்து வருஷம் வெளுத்த சேலை நிறத்தில் வந்தது. மறுநாள் கருப்பட்டிப் பாகைக் கொஞ்சம் முறுகவிட்டுச் சேர்த்தான். கறுப்பென்றால் கறுப்பு, பளபளவென்று அப்படி ஒரு கறுப்பு!

தேங்காய்க்குப் பிள்ளையார் உதவினார். விடியற்காலையில் யாரோ உடைத்த சிதறுகாயைப் பொறுக்க நானும் தெருப் பிள்ளைகளோடு விழுந்து புரண்டேன். மீசை முளைத்தவன் என்று ஒரு சிறுமி என்னைக் கேலிகூடச் செய்தாள். மிட்டாய்க் கடையில் எறிகிற ஏலக்காய்த் தோலைக் கேட்டு வாங்கினோம். நெய்தான் இடித்தது. இருந்தது ஒரு கரண்டிகூட இல்லை. அழகப்பன் அதை அரிசியில் விடவில்லை. பாத்திரத்து மூடியின் உட்புறத்தில் பூசினான்.

"தெறந்ததும் மூக்குல ஏறணும். நாக்கு அப்புறம் மூக்கு சொன்னதத்தான் கேக்கும்" என்றான்.

அவன் சொன்னபடியே நடந்தது. கரையில் மூடியைத் திறந்ததும் முதலாளியே எட்டிப் பார்த்தார். போர்மேன் இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றார். ஆச்சி ஒரு வாய் போட்டுக்கொண்டார். மென்றார். அழகப்பனைப் பார்த்தார். மறுபடியும் மென்றார். ஆச்சி ரங்கூனில் எட்டு வருஷம் இருந்தவர் என்பது எனக்கு அந்த நேரம் பார்த்தா நினைவுக்கு வரவேண்டும்!

"கவுனி நல்லா வெந்திருக்கு" என்றார். அவ்வளவுதான்.

வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். பாத்திரங்களைக் கழுவி நல்ல பெயர் எடுக்கலாம் என்று ஆச்சியின் ஐந்தடுக்குப் பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினேன். அந்தத் தூக்கைத்தான் வண்டிக்காரர் காலையில் பெரிய பாரம்போல மரியாதையாக இறக்கியிருந்தார். மேலடுக்கில் இருந்த புளிச்சோறும் இரண்டாவதில் இருந்த துவையலும் எங்களுக்குப் பரிமாறப்பட்டன. "கீழடுக்கெல்லாம் சாயந்தரத்துக்கு" என்று ஆச்சி சொல்லியிருந்தார். கழற்றிப் பார்த்தேன். கீழே மூன்று அடுக்கும் காலி. துடைத்துவைத்தது துடைத்தபடி இருந்தது.

நிமிர்ந்தால் ஆச்சி பின்னால் நிற்கிறார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளையின் முகம் அது.

"ஏப்பா, நீ எந்த அடுக்கையும் தெறந்து பாக்கல" என்றார் மெல்ல. "நானும் ஒங்க கவுனியத் தின்னு பாக்கல. சரிதானே?"

"சரி ஆச்சி."

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க! விரலிடுக்கில் பல்லெல்லாம் ஊதா.

மறுநாள் போர்மேன் எங்களைத் திட்ட வாயைத் திறந்தபோது அச்சகமே சிரித்தது. "மையை நக்கினீகளா?" என்று காகிதம் போட வந்தவர் கேட்டார். போர்மேன் கண்ணாடியைத் தேடி ஓடினார்.

ஆவணி பிறந்ததும் ஆச்சி ஆள் அனுப்பினார். கண்டனூரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கவுனி வைக்காவிட்டால் "வீடு ஆடிப்போச்சு" என்று பேசுவார்கள். வாங்கவோ வழியில்லை. அடுப்படிக்கு எங்களைக் கூப்பிட்டு ஆச்சியே இதைச் சொன்னார். "இந்த இடம் தட்டிப்போச்சுன்னா, அடுத்த இடம் வாரதுக்குள்ள வீட்டு நெலம ஊருக்கே தெரிஞ்சுரும். காப்பாத்துவியாடா அழகு?"

அழகப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். நல்ல வேளை, மரத்தில் கடைசிப் பழங்கள் மிச்சமிருந்தன. அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "சாப்பிட்டு எந்திரிக்கும்போதே வெத்தலத் தட்ட நீட்டிருங்க ஆச்சி. செவப்பு ஏறிட்டா ஊதா தெரியாது."

கூடத்தில் சம்பந்திகள் சாப்பிடும்போது நாங்கள் அடுப்படிக் கதவிடுக்கில் மூச்சை அடக்கி நின்றோம். மாப்பிள்ளையின் தகப்பனார் இலையை வழித்துவிட்டு, "கவுனின்னா இதுல்ல கவுனி! இப்ப வாரதெல்லாம் ஒரே கலப்படம்" என்றார். அழகப்பன் என் தோளைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். தழும்பு ஒரு வாரம் இருந்தது. கல்யாணம் நிச்சயமானது.

ஆச்சி அந்த உதவியை மறக்கவில்லை. ரங்கூனில் உறவுக்காரர் கடையில் ஆட்களுக்குச் சமைக்க அவனை அனுப்பிவைத்தார். ஸ்டேஷனுக்கு நான்தான் வழியனுப்பப் போனேன். அதற்கப்புறம் யுத்தம் வந்தது. அச்சகத்தை மூடினார்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரிப் புகையில் ஓடிய பஸ்களுக்காகக் கண்மாய்க் கரை மரங்களை வெட்டிக் கரி சுட்டார்கள். பெரிய வீட்டுத் தூண்கள்கூட விலைக்குப் போயின. ஆச்சியும் காலமாகிவிட்டார். பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களிடமெல்லாம் அழகப்பனை விசாரித்தேன். பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

ரயில் ஏறும்போது அவன் போட்டிருந்தது என் சட்டை. கேட்காமலே எடுத்துப் போட்டிருந்தான். வண்டி நகர்ந்த பிறகுதான் கவனித்தேன். "டேய், என் சட்டை!" என்று கத்தினேன். "வந்து தாறேன்டா!" என்று ஜன்னல் வழியே கையாட்டினான்.